பீலிக்கு வந்த கண்

றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி ஒரு மணி நேரம் மலை ஏறினால் சட்டிக்கல் தோட்டம் வரும். அந்தத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் பெண்கள் குளிக்கிற பீலிக்கு அரசாங்கம் போன மாசி மாதம் ஒரு கண் வாங்கிக் கொடுத்தது.

அவர்கள் கேட்டது கண் இல்லை. மலையிலிருந்து வழிந்து வரும் தண்ணீரை ஒரு தகரக் குழாய் ஏந்திக் கொட்டுகிற இடம்தான் பீலி. அதைச் சுற்றி நாலு தகரம் அடித்து ஒரு மறைப்புக் கட்டித் தாருங்கள் என்றுதான் முப்பது வருஷமாக மனு எழுதினார்கள். தேர்தலுக்குத் தேர்தல் வந்தவர்கள் பீலியைச் சுற்றிப் பார்த்து, போட்டோ எடுத்து, "கவனிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சும்மா சொல்லக் கூடாது, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள். மறைப்புத்தான் வரவில்லை. கவனிப்பதற்கு ஒரு கம்பமும், கம்பத்து உச்சியில் தேங்காய் அளவில் ஒரு வெள்ளைக் கெமராவும் வந்து சேர்ந்தன.

கம்பத்துக்குத் திறப்பு விழா நடந்தது. காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்க நின்றவர்களை அப்படியே பீலிக்கரைக்கு ஓட்டி வந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள், கம்பத்துக்கு மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள். பேச வந்தவர் மதுசூதனன். ஹட்டனில் இரண்டு வருஷத்துக்கு முன் திறந்த பொது அமைதி முன்னறிவு அலுவலகத்தின் பொறுப்பதிகாரி. ஹட்டன் பஜாரில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகன்தான் என்றாலும், வீட்டில் சோறு கேட்பதுகூடச் சுற்றறிக்கைத் தமிழில்தான் என்று ஊரில் பேச்சு.

"அன்பார்ந்த பொதுமக்களே, குற்றம் நடந்த பின் பிடிப்பது பொலிஸ். நடப்பதற்கு முன் அறிந்துகொள்வது நாங்கள். நடக்காமலே போய்விடும் குற்றங்கள்கூட எங்களிடமிருந்து தப்புவதில்லை. கடந்த ஆண்டில் மட்டும் நடக்காத குற்றங்கள் நானூற்றுப் பன்னிரண்டைக் கண்டுபிடித்திருக்கிறோம்" என்றார் மதுசூதனன்.

எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டாதவர்களையும் கெமரா பார்க்கும் என்று வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையா காலையிலேயே சொல்லி வைத்திருந்தார்.

கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு கை மேலே போனது. குப்பாயியின் கை. வயது ஐம்பத்துநாலு. அதில் நாற்பது வருஷத்தைத் தேயிலைச் செடிக்குக் கொடுத்தவள். பேச்சை மனசுக்குள் பூட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"சேர், ஒன்னு கேக்கலாமுங்களா? இது பொம்பளைங்க குளிக்கிற எடமுங்க."

"இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் அம்மா," மதுசூதனன் மகிழ்ந்துபோனார். "நாங்கள் யாரும் பார்ப்பதில்லை. இயந்திரம் பார்க்கிறது. எங்கள் அலுவலர் ஒருவர் அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான்."

"அந்த அலுவலரு ஆம்பளைங்களா?"

"அவர் அரசாங்க உத்தியோகத்தர்" என்றார் மதுசூதனன்.

"சரிங்க. இம்மாம்பெரிய மலையில இந்த எடந்தான் கெடைச்சிச்சா?"

"ஆய்வு செய்துதான் தெரிவு செய்தோம். இந்தத் தோட்டத்து மக்கள் கோயிலில் அரசாங்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பெரட்டில் பேசுவதில்லை. ஆனால் உடம்பில் தண்ணீர் பட்டதும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். ஆகவே இந்தக் கருவியில் படத்தோடு ஒலியும் பதிவாகும். விடிவதற்கு முன் வந்தாலும் கவலையில்லை, இருட்டிலும் நன்றாகத் தெரியும். இத்தனை வசதியும் பெண்களின் பாதுகாப்புக்காகத்தான்."

மறுபடி கைதட்டல். குப்பாயி தட்டவில்லை.

அன்றிலிருந்து மேற்கணக்கில் ஒரு பெண்ணும் பீலிப்பக்கம் போகவில்லை. கொழுந்து எடுத்துவிட்டு வருகிற உடம்பு என்றால் சும்மாவா? மழையில் நனைந்து, அட்டை கடித்து, மருந்தடித்த செடிக்குள் இடுப்பளவு நின்றுவிட்டு வருகிற உடம்பு. பீலித் தண்ணீர் தலையில் விழுந்தால்தான் அது மனுஷ உடம்பு. இப்போது ஒவ்வொருத்தியும் ஒரு வாளித் தண்ணீரை வரிசை வீடுகளான லயத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், அடுப்பு மூலையில் புடவையை மறைவாகக் கட்டி, குனிந்து நிமிர இடமில்லாமல் கழுவிக்கொண்டாள். ஒற்றை அறைக் காம்பரா முழுக்கத் தண்ணீர், புருஷன் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில், பிள்ளைகள் மழையில். ஆண்களின் பீலி கீழே தனியாக இருந்தது. அதற்குக் கண் வரவில்லை. அங்கே அவர்கள் கிரிக்கெட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று ஆய்வில் தெரிந்ததாம்.

பதினோராம் நாள் பக்கத்துக் காம்பராவில் அழுகைச் சத்தம் கேட்டுக் குப்பாயி எட்டிப் பார்த்தாள். கிருஷாந்தி, முதல் பிள்ளை பெற்று நாற்பது நாளான பெண், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"என்னடி, பிள்ளைக்கு மேலுக்கு முடியலையா?"

"பிள்ளை நல்லாத்தான் இருக்கான் பெரியம்மா. பால் வாடை, ரத்த வாடை, என் ஒடம்பு எனக்கே நாறுது. ஒரு தடவ நிமிந்து நின்னு தலைக்கு ஊத்திக்கணும் போல இருக்கு. அதுக்குக்கூடக் குடுத்து வைக்கல."

குப்பாயி தன் காம்பராவுக்குத் திரும்பினாள். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை அவிழ்த்தாள். செடியின் மட்டம் பார்க்கிற நீளக் கம்பை எடுத்தாள். பீலிக்கரைக்குப் போய், கம்பின் நுனியில் படங்கைக் கோத்து, அரசாங்கத்தின் கண்ணை மூடினாள்.

"வாங்கடி, குளிக்கலாம்" என்று லயத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

அன்று சாயங்காலம் மேற்கணக்கே பீலியில் நின்றது. மூன்றாம் நாள் ஹட்டனிலிருந்து ஏணியோடு ஒரு வண்டி வந்தது. படங்கை இறக்கி, உறையில் போட்டு, முத்திரை வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் தோட்ட ஆபீஸ் வழியாகக் குப்பாயியின் ஆறாம் நம்பர் காம்பராவுக்கு மூன்று கடிதங்கள் வந்தன. ஒன்று குப்பாயிக்கு. ஒன்று ஜெயலெட்சுமிக்கு. ஒன்று சண்முகவடிவுக்கு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேற்கணக்கில் யாருக்கும் இது புதினமில்லை, ஹட்டன்காரர்களுக்குத்தான் தலை சுற்றியது. குப்பாயிக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதையாவது எமன் ஏறெடுத்துப் பார்க்காமல் இருக்கட்டும் என்று அவள் அம்மா பிள்ளையைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி, குப்பாயி என்று பெயர் வைத்தாள். பிறப்புச் சான்றிதழிலும் கிராம அலுவலர் பட்டியலிலும் அதுதான். பள்ளிக்கூடத்து மாஸ்டருக்கு அந்தப் பெயரை எழுதப் பேனா கூசியது. அவர் ஜெயலெட்சுமி என்று எழுதினார். பின்னால் அடையாள அட்டை அந்தப் பெயரில் வந்தது. பதினாலு வயசில் வேலைக்குப் போக வேண்டி வந்தபோது வயசு பத்தவில்லை. அந்த வருஷந்தான் அத்தை சண்முகவடிவு கப்பலேறி இந்தியாவுக்குப் போயிருந்தாள். ஆள் போனாலும் தோட்டத்துப் பெயர்ப் பதிவான செக்ரோலில் இருந்து அவள் பெயர் போகவில்லை. "பேரு சும்மாதான் கெடக்கு, புள்ளைய வரச்சொல்லு" என்றார் அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளை. அப்படிப் போனவள்தான். நாற்பது வருஷமாகச் சண்முகவடிவு என்று கூப்பிட்டால் பெரட்டில் "வந்துட்டேங்க" என்று சொல்வது குப்பாயி. மேற்கணக்கில் ஒரே பெயரோடு காலம் தள்ளுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்தக் கதையெல்லாம் கெமராவுக்குத் தெரியாது. அது படங்கோடு வந்த முகத்தைப் பிடித்து மூன்று பதிவேடுகளில் தேடியது. மூன்றிலும் முகம் கிடைத்தது, மூன்றிலும் பெயர் வேறு. இயந்திரம் பொய் சொல்லாது என்பது அலுவலகத்தின் கொள்கை. ஆகவே ஒரே முகமுள்ள மூன்று பெண்கள் என்று முடிவானது.

திங்கட்கிழமை குப்பாயிக்கு அழைப்பு. கெமரா இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அலுவலர் விஜிதரனே விசாரணையும் எழுதினான். முப்பது வயசு இருக்கும், கழுத்தில் அட்டை தொங்கியது.

"தம்பி, சுத்தி வளைக்க வேணாம். படங்கப் போட்டது நாந்தான். மத்த ரெண்டு பேரும் நாந்தான்."

"மத்தவங்க சார்பா நீங்க பதில் சொல்ல ஏலாதும்மா. அவங்களுக்கு வேற நாள் குடுத்திருக்கு" என்றான் விஜிதரன். "சண்முகவடிவுங்கறவங்களத் தெரியுமா?"

"எங்க அத்தை. எம்பத்துநாலுல இந்தியாவுக்குப் போயிட்டாங்க."

விஜிதரன் அதை எழுதிக்கொண்டு கணினியில் எதையோ தட்டினான். அவன் முகம் மாறியது. "அவங்க சனிக்கிழமை சட்டிக்கல் தோட்டத்துல இருபது கிலோ கொழுந்து எடுத்திருக்காங்களே?"

"அது நானு எடுத்தது, தம்பி."

விஜிதரன் அதை எழுதவில்லை. எழுந்து உள்ளே போய் மதுசூதனனை அழைத்து வந்தான். நாற்பது வருஷமாக ஒவ்வொரு காலையும் வெளிநாட்டிலிருந்து களவாக நாட்டுக்குள் நுழைந்து, கொழுந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் போகிற ஒருத்தியைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் மதுசூதனனுக்கு மூச்சு வாங்கியது. அவருடைய உத்தியோகத்தில் இதுவரை நடக்காத குற்றங்கள்தான் அகப்பட்டிருந்தன. நடந்த குற்றம் ஒன்று இப்போதுதான் முதன்முதலாகக் கைக்கு வருகிறது.

செவ்வாய்க்கிழமை ஜெயலெட்சுமியின் முறை. அதே புடவையில் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"நேத்து வந்த குப்பாயி உங்களுக்கு என்ன முறையாகணும்?"

குப்பாயிக்குச் சலித்துவிட்டது. "ரொம்ப வேண்டப்பட்டவங்க தம்பி. பொறந்ததுலேருந்து பழக்கம்."

"அடிக்கடி சந்திப்பீங்களா?"

"பிரிஞ்சதே இல்ல."

நெருங்கிய தொடர்பு என்று விஜிதரன் எழுதிச் சிவப்பில் கோடு போட்டான்.

புதன்கிழமை சண்முகவடிவு. அன்று கடவுச்சீட்டு கேட்டார்கள். இல்லை என்றாள். அப்படியானால் எந்த வழியாக நாட்டுக்குள் நுழைகிறாய் என்று மதுசூதனனே கேட்டார்.

"பெரட்டுக் களம் வழியாங்க" என்றாள். வரைபடத்தில் அந்தத் துறைமுகத்தைத் தேடிப் பார்க்கும்படி விஜிதரனுக்கு உத்தரவானது.

வியாழக்கிழமை அவள் புருஷன் கந்தப்பனைக் கூப்பிட்டார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் சத்தத்துக்கு நடுவே நின்றதில் காது கொஞ்சம் மந்தம், தைரியமும் கொஞ்சம் குறைச்சல். வாசலில் நிற்கிற காவலாளிக்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தான். விவாகப் பதிவில் அவன் மனைவி ஜெயலெட்சுமி. பிள்ளைகளின் சான்றிதழில் தாய் சண்முகவடிவு. கிராம அலுவலர் பட்டியலில் அவனோடு குடியிருப்பவள் குப்பாயி.

"மூன்று பெண்களையும் ஒரே காம்பராவில் வைத்துக் குடும்பம் நடத்துகிறீர். எப்படி?" என்று மதுசூதனன் கேட்டார். கேட்ட விதத்தில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

"சாமி சத்தியமா ஒருத்திதாங்க சேர். ஆனா பேச ஆரம்பிச்சான்னா மூணு பேரு பேசற மாதிரித்தான் இருக்கும்."

"மூவரும் ஒரே குரலில் பேசுவார்களா?"

"ஒரே கொரல்தாங்க."

மூவரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். அமைப்பு ரீதியாகத் திரட்டப்பட்டவர்கள் என்று எழுதப்பட்டது. கந்தப்பனை அடுத்த அறைக்கு அனுப்பி, பலதார மணத்துக்குத் தனிக் கோப்புத் திறந்தார்கள்.

வெள்ளிக்கிழமை இறுதி விசாரணை. மூவரும் ஒன்றாக வரவேண்டும் என்று கடிதம் சொன்னது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே லயத்துப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். படங்கை இறக்கியதிலிருந்து அவர்கள் மறுபடி அடுப்பு மூலைக்கு வந்திருந்தார்கள். ஒருத்தி சொன்னாள், "எதுல கேட்டாலும் கையெழுத்தப் போட்டுட்டு வந்திரு குப்பாயி, பெரிய எடத்தோட மோத நம்மளால ஆகுமா?" கிருஷாந்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு குப்பாயியின் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வை குப்பாயியோடு பஸ்ஸில் ஏறி ஹட்டன்வரை வந்தது.

அலுவலகத்தில் மூன்று நாற்காலிகள் போட்டு வைத்திருந்தார்கள். நடு நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள், கூட வந்த கந்தப்பன் பின்னால் நின்றான். மற்ற இருவரும் இன்னும் வரவில்லை என்று மதுசூதனன் பதினைந்து நிமிஷம் காத்திருந்தார். பிறகு கந்தப்பன் மெதுவாக, "மூணு பேரும் வந்தாச்சுங்க சேர்" என்றான். மதுசூதனன் மூன்று நாற்காலிகளையும் ஒருமுறை கண்ணால் அளந்துவிட்டு, கோப்பைத் திறந்தார்.

"சுற்றறிக்கை பதினாலின்படி மூன்று பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் ஓரிடத்தில் கூடிப் பொது விடயங்களைப் பேசுவதானால் ஏழு நாட்களுக்கு முன் அனுமதி பெற வேண்டும். ஆறாம் நம்பர் காம்பராவில் நீங்கள் மூவரும் நாற்பது வருஷமாக அனுமதியின்றிக் கூடி வருகிறீர்கள். தனியாகச் சமைக்கும்போது அரசாங்கத்தைத் திட்டுவதுண்டா?"

"அரிசி வேகாத அன்னைக்குத் திட்டியிருப்பேன்."

"அப்படியானால் அது கூட்டம்" என்றார் மதுசூதனன். பேச்சில் வருத்தமே தெரிந்தது. "என்னைக் கடினமானவன் என்று நினைக்க வேண்டாம். மக்கள் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் அலுவலகத்தின் இலட்சியம். அதற்காகத்தான் யார் யார் எவ்வளவு சுதந்திரமாக இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறோம். எடுத்துப் பார்த்தால் பலரிடம் தேவைக்கு மேல் இருக்கிறது. மீதியை நாங்கள் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். கேட்டால் திருப்பித் தருவோம். கேட்பதற்கு ஒரு படிவம் இருக்கிறது, அச்சில் இருக்கிறது."

அவர் உற்சாகமாகத் தொடர்ந்தார்.

"உங்கள் நன்மைக்காக ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். முதலாவது, கெமராவை நாங்களே விரும்பிக் கேட்டோம் என்று இந்தக் கடிதத்தில் ஒப்பமிடுங்கள். இரண்டாவது, மூவரில் இருவர் மூன்றாமவருக்கு எதிராகச் சாட்சி சொல்லுங்கள். அந்த ஒருவரைத் தடுத்து வைப்போம், மற்ற இருவரும் வீட்டுக்குப் போகலாம். மூன்றில் இரண்டு பங்கு விடுதலை. இந்த உலகத்தில் எந்த அரசாங்கம் இவ்வளவு தாராளமாக நடந்துகொள்ளும்?"

கந்தப்பன் மனைவியின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். "இந்தா புள்ள, அத்தைய மாட்டி விட்டுரு. அவ கோத்தகிரியில இருக்கா, இவங்களால என்ன பண்ண முடியும்? ஒரு வார்த்தை சொல்லிட்டு வீட்டுக்குப் போயிரலாம்."

சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். கேட்பதற்கு நல்ல யோசனையாகத்தான் இருந்தது. குப்பாயி ஒரு கணம் அதை யோசிக்கவும் செய்தாள், பொய் சொல்லக் கூடாது. தடுத்து வைப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். போன வருஷம் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கிலிருந்து இவர்கள் கூட்டிப் போன ஆள் இன்னும் வந்து சேரவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"ஏங்க, அந்தப் பேருலதானே நாப்பது வருஷம் கொழுந்து எடுத்தேன்?" என்று புருஷனிடம் கேட்டாள். "மழை வெயில்னு பாக்காம நின்னது சண்முகவடிவுதானே? அவள எப்படிக் காட்டிக் குடுப்பேன்? சரி, குப்பாயியக் குடுத்துறலாமா? ரெண்டு பிள்ளையப் பறிகொடுத்துட்டு எங்கம்மா வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு வச்ச பேரு அது. எமன்கிட்டயே குடுக்கமாட்டேன்னு வச்ச பேர இந்த ஐயாகிட்ட குடுக்கச் சொல்றீங்களா? ஜெயலெட்சுமிய மட்டும் என்ன? நாலு எழுத்து எழுதப் படிக்கக் கத்துக்கிட்டவ அவ." பிறகு மதுசூதனன் பக்கம் திரும்பினாள். "எழுதிக்கங்க சேர். படங்கப் போட்டது நாந்தான். மூணு பேருலயும் யாரு யாருக்கு எதிராவும் சாட்சி சொல்லமாட்டோம். கெமராவ நாங்க கேக்கவும் இல்ல. மறைப்புத்தான் கேட்டோம். முப்பது வருஷமாக் கேட்டோம்."

மதுசூதனன் பேனாவை மூடி வைத்தார். "மூவரும் தானே என்று ஒரு பெண் உரிமை கோருகிறார். இவரை நான்காவது நபராகப் பதிவு செய்" என்று விஜிதரனிடம் சொல்லிவிட்டு, கட்டளையை வாசித்தார். விசாரணை முடியும்வரை குப்பாயி, ஜெயலெட்சுமி, சண்முகவடிவு ஆகிய மூவரும் ஒருவரையொருவர் சந்திக்கக் கூடாது. ஒருவரோடொருவர் பேசக் கூடாது. ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் காணப்படக் கூடாது. மீறினால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமலே தொண்ணூறு நாள் தடுத்து வைக்கலாம்.

"அது எப்படிங்க சேர் முடியும்?" என்று கந்தப்பன் கேட்டான்.

"அது அவர்கள் மூவருக்கும் இடையிலான விடயம்" என்றார் மதுசூதனன். "குடும்ப விவகாரங்களில் அரசாங்கம் தலையிடுவதில்லை."

குப்பாயி நாற்காலியை விட்டு எழுந்தாள். கட்டளைத் தாளை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கதவருகே போனவள், நின்று விஜிதரனைத் திரும்பிப் பார்த்தாள்.

"தம்பி, இன்னைக்குச் சாயந்தரம் வேலையில இருப்பீங்களா?"

"ஆறு மணி வரைக்கும் இருப்பேன்" என்றான் அவன்.

"இருங்க" என்றாள்.

பஸ்ஸில் கந்தப்பன் வழிநெடுகக் கெஞ்சினான். தொண்ணூறு நாள் என்பதை விரல்களில் எண்ணிக் காட்டினான். தனக்கு ரொட்டி தட்டிப் போடக்கூட ஆளில்லை என்றான். பிறகு சத்தம் அடங்கி, "ஒனக்கு ஏதாவதுன்னா நான் என்ன புள்ள செய்வேன்?" என்று கேட்டுவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"எனக்கும் பயந்தாங்க" என்றாள் அவள். "ஆனா கிருஷாந்திகிட்டப் போயி நான் என்ன சொல்லட்டும்? நிமிந்து நின்னு குளிக்கறதுக்கு ஏழு நாளைக்கு முன்ன அனுமதி கேட்டு எழுதுன்னு சொல்லவா?"

மேற்கணக்கில் இறங்கியதும் அவள் வீட்டுக்குள் போய்ச் சவர்க்காரத்தையும் மாற்றுத் துணியையும் நீளக் கம்பையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். படங்கு ஹட்டனில் முத்திரைக்குள் இருந்தது. கந்தப்பன் இஸ்தோப்புக் கொடியில் கிடந்த, தான் இடுப்பில் கட்டுகிற சாரத்தை உருவி அவளிடம் நீட்டினான்.

கொழுந்து நிறுத்துவிட்டு வெறுங்கூடையோடு திரும்பிய பெண்கள் பாதையில் அவளைப் பார்த்து நின்றார்கள். அவள் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வருகிறவர்களுக்கும் தொண்ணூறு நாள் என்று அவளுக்குத் தெரியும். தனியாகத்தான் பீலிக்கரைக்கு இறங்கினாள்.

அன்று மாலை ஹட்டன் அலுவலகத்தில், மேற்கணக்குப் பீலிக்குரிய பதிவேட்டில் விஜிதரன் எழுதியது இது. கோப்பில் இன்னும் இருக்கிறது.

மாலை 4.40. கட்டம் போட்ட நீலச் சாரம் ஒன்று கெமராவை மூடியது. காட்சி இல்லை. ஒலி உண்டு.

4.42. தண்ணீர் விழும் சத்தம். ஒரு பெண் குரல்: "விஜிதரன் தம்பி, கேக்குதா? கட்டளைய மீறி மூணு பேரும் ஒரே எடத்துல சேந்து குளிக்கிறோம். நேரத்தப் போட்டு எழுதிக்கங்க."

4.51. இரண்டாவது பெண் குரல்: "பெரியம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க." குழந்தையின் சத்தம். குழந்தையைப் பிடித்துக்கொள்ளும்படி மூன்றாவது ஒருவரிடம் சொல்லப்பட்டது. கட்டளைப்படி முதல் குரலை மூவராகக் கொண்டால் மொத்தம் ஐந்து பேர், குழந்தையைச் சேர்த்தால் ஆறு.

4.58. பல குரல்கள். சவர்க்காரம் கேட்கிறார்கள். சிரிப்பு.

5.06. அரசாங்கத்தைப் பற்றிப் பேசப்பட்டது. பேசியதை இங்கே எழுதக் கை வரவில்லை.

5.15. பொறுப்பதிகாரி தொலைபேசியில் அழைத்து எண்ணிக்கை கேட்டார். எண்ணிப் பார்த்தேன். ஒரே நேரத்தில் எல்லாரும் பேசுகிறார்கள். ஒருவர் பெயரைக் கூப்பிட்டால் நாலு பேர் பதில் சொல்கிறார்கள்.

5.40. பொறுப்பதிகாரி மறுபடி அழைத்தார். எண்ணிக்கையைத் திட்டமாகச் சொல்ல முடியாது என்று அறிவித்தேன். இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள்.